இருபது வயசுக் கணக்கும் ஐம்பது வயசுக் கணக்கும்



இந்த மாதப் பாடம் குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்காக எழுதியது. நன்றாகப் படிக்கத் தெரிந்த இளம் உறுப்பினர் யாராவது வாசிக்கட்டும். நடுவில் நிறுத்திப் பேசலாம், சண்டையும் போடலாம். தீர்மான நோட்டில் மட்டும் சண்டையை ஏற்ற வேண்டாம்!

குழுக்களுக்கு வரும்போதெல்லாம் நாங்கள் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. பெரியவர்கள் சொல்வார்கள்: "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் காசோட அருமை எங்க தெரியுது? நாலு காசு சேர்ந்தா போன் வாங்குது, வண்டி வாங்குது." இளம் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களைத் தனியாகப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள்: "அக்கா, மாடு வாங்கறேன்னா உடனே கடன் தர்றாங்க. டைலரிங் கோர்ஸ், கம்ப்யூட்டர் கோர்ஸ்னா 'நீ கல்யாணம் ஆகிப் போயிடுவ, யார் கட்றது'ன்னு கேக்கறாங்க. அப்ப நான் எதுக்கு மாசாமாசம் சந்தா கட்டணும்?"

இந்தக் கேள்விக்குக் குழு பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் இரண்டு கூட்டத்துக்கு வரமாட்டாள், மூன்றாவது கூட்டத்தில் சேமிப்பைத் திருப்பிக் கேட்பாள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் குழுவில் எல்லோருக்கும் தலை நரைத்திருக்கும், கணக்கு எழுத ஆள் இருக்காது. அதனால்தான் வயசுக்கு வயசு ஆசை ஏன் மாறுகிறது என்பதை இந்த மாதம் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். "உங்களுக்கு அரை மணி நேரம் சும்மா கிடைக்கிறது. யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்? நெருங்கின சொந்தக்காரர், சமீபத்தில் பழக்கமான ஒருவர், நீங்கள் படித்த புத்தகத்தை எழுதியவர், இந்த மூவரில் யார்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். புத்தகம் எழுதியவர் பொருந்தவில்லை என்றால் டி.வி.யில் பார்க்கிற யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தக் கேள்வியைப் பல வயசுக்காரர்களிடம் கேட்டார்கள். வயசானவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரரையே சொன்னார்கள். இளையவர்களின் பதில் மூன்று பக்கமும் பிரிந்தது. இதுவரை நமக்குத் தெரிந்த சங்கதிதான். அடுத்தது அப்படியில்லை. "நீங்கள் சீக்கிரம் ஊரை விட்டுத் தூரமாகக் குடிபோகப் போகிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டபோது, இளையவர்களும் சொந்தக்காரரையே தேர்ந்தெடுத்தார்கள்.

1997-ல் ஹாங்காங் ஊரை பிரிட்டிஷ்காரர்கள் சீனாவிடம் ஒப்படைத்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னால், ஊருக்கு என்ன ஆகுமோ என்று எல்லோரும் இருந்த சமயத்தில், அங்குள்ள இளையவர்களும் பெரியவர்களைப் போலவே பதில் சொன்னார்கள். கைமாறி ஒரு வருஷம் ஆன பிறகு கேட்டால் பழையபடி வித்தியாசம் வந்துவிட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? வயசைவிட, இன்னும் எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்ற நினைப்புதான் ஆசையைத் திருப்புகிறது. காலம் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறவள் புது வேலை, புது ஆள், புது ஊர் என்று தேடுவாள். காலம் சுருங்கிவிட்டது என்று நினைக்கிறவர் இருக்கிற உறவை இறுக்கிப் பிடிப்பார். நம் குழுக்களிலேயே பாருங்கள். கல்யாணத் தேதி குறித்த பெண் திடீரென்று அம்மா மடியை விட்டு நகர மாட்டாள். சின்ன வயசில் புருஷனை இழந்தவள் இருபத்தைந்து வயசிலேயே ஐம்பது வயசுக்காரர் மாதிரி கணக்குப் பார்ப்பாள். ஐம்பத்தெட்டு வயசில் இட்லிக் கடை வைத்து நன்றாக ஓடுகிற அம்மாவோ, கிரைண்டர் மாற்றலாமா, இன்னொரு கடை போடலாமா என்று இருபது வயசுப் பெண் மாதிரி யோசிப்பார்.

கைமாறிய ஊர் என்று சொன்னதும் நம் புதுச்சேரி ஞாபகம் வராமல் போகாது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-லிருந்து அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்த உள்ளூர்க்காரர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்தியக் குடிமக்கள் என்று ஆனது. சில ஆயிரம் பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் நிறைய. வாலிப வயசில் கப்பல் ஏறி இந்தோசீனா வரைக்கும் போனவர்கள் பென்ஷனோடு ஊர் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் வீடு, நிலம், சொந்தபந்தம், சுதந்திரம் வந்த சந்தோஷம் இவையே பெரிதாக இருந்தன. பிறகு பிள்ளைகள் காலத்தில், "அன்னிக்கு ஒரு காகிதம் எழுதிக் குடுத்திருக்கலாமே" என்று பேசின வீடுகளும் உண்டு. அன்றைக்கு எழுதாதவர்கள் ஏமாளிகள் இல்லை. அவர்களுக்கு எது பெரிதோ அதை வைத்து முடிவெடுத்தார்கள். அடுத்த தலைமுறைக்கு எது பெரிதாகும் என்பதை ஆறு மாதத்தில் யாரால் கண்டுபிடிக்க முடியும்?

இங்கே இன்னொரு விஷயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வயசு வேறு, வளர்ந்த காலம் வேறு. "நாங்க உன் வயசுல இப்படியா இருந்தோம்?" என்று கேட்கிறோமே, அதில் இரண்டும் கலந்து கிடக்கிறது. நம் ஊர் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலியார்பேட்டையில் ரோடியர் மில் என்று நாம் சொல்கிற ஏ.எஃப்.டி. 1898-ல் தொடங்கியது. சவானா மில் பிறகு சுதேசி மில் ஆனது. 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் உயிர்விட்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய வ. சுப்பையாவுக்கு அப்போது வயசு 25. அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அன்றைக்கு இளைஞர்கள் பெரிதாக நினைத்தது சம்பளத்தை மட்டும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முகம் பார்க்க நேரம் வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் நம் பக்கத்தில் மில்லு வேலை மாப்பிள்ளை என்றால் தனி மரியாதை. சங்கு ஊதினால் சம்பளம், பண்டிகைக்குப் போனஸ். அதைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு "நிரந்தர வேலை" என்ற சொல் சாமி பெயர் மாதிரி. ஆனால் அவருடைய மகள் பார்த்தது வேறு. வேலை இல்லாமல் லே-ஆஃப் சம்பளத்தில் ஓடிய வருஷங்களையும், 2011 டிசம்பர் தானே புயலில் மில் சேதமானதையும், 2020-ல் மில் மூடப்பட்டதையும் அவள் பார்த்தாள். "நிரந்தரம்னு சொன்னீங்களே, எங்கம்மா போச்சு?" என்று அவள் கேட்டால் திமிர் என்று சொல்ல முடியுமா? ஒரே வேலையை நம்பாமல் இரண்டு தொழில் கற்றுக்கொள்ள நினைக்கிறாள். சேதராப்பட்டுக்கோ திருபுவனைக்கோ வேலைக்குப் போக வண்டி கேட்கிறாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் அந்த வண்டி ஆடம்பரம் இல்லை என்பது எங்கள் கருத்து. இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்குகிற போனைப் பற்றி எங்களுக்கும் வேறு அபிப்பிராயம் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

சரி, இளையவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 18 முதல் 68 வயசு வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதிய ஆராய்ச்சி ஒன்று 2013-ல் 'சயின்ஸ்' என்ற இதழில் வந்தது. போன பத்து வருஷத்தில் உங்கள் குணமும் விருப்பமும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று சிலரிடம் கேட்டார்கள். நிறைய மாறியிருக்கிறது என்றார்கள். வரும் பத்து வருஷத்தில் எவ்வளவு மாறும் என்று மற்றவர்களிடம் கேட்டார்கள். அவ்வளவாக மாறாது என்றார்கள். எல்லா வயசிலும் இதே கதை. இருபது வயசுக்காரி "எனக்கு நகையே வேணாம், எனக்கு எதுக்கு பென்ஷன்" என்று சொல்லும்போது பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறாள். முப்பத்தைந்தில் வேறு மாதிரி நினைப்பாள் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

தெரியாத அந்த முப்பத்தைந்துக்காக இருபதில் என்ன செய்வது? மனசு மாறும்வரை காத்திருந்தால் செலவு கூடிவிடும். கணக்காகவே பார்ப்போம். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயசு வரை உள்ளவர்கள் வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேரலாம். வருமான வரி கட்டுகிறவர்கள் சேர முடியாது. அறுபது வயசுக்கு மேல் மாதம் 1000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயசில் சேர்ந்தவர் மாதம் 42 ரூபாய் கட்டினால் போதும். 30-ல் சேர்ந்தால் 116 ரூபாய். 40-ல் சேர்ந்தால் 291 ரூபாய். பதினெட்டில் சேர்ந்தவர் 42 வருஷத்தில் கட்டுவது மொத்தம் 21,168. நாற்பதில் சேர்ந்தவர் 20 வருஷத்தில் கட்டுவது 69,840. கிடைப்பது இருவருக்கும் அதே ஆயிரம். நாற்பது வருஷம் கழித்து ஆயிரம் ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். 5000 வரை பென்ஷன் எடுக்கலாம். சின்னதாகத் தொடங்கி வருமானம் வரும்போது தொகையைக் கூட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஒரு வேளை பூ வாங்குகிற காசில் அடங்குகிற 42 ரூபாயை, ஆசையை விடாமலேயே ஒரு பெண்ணால் எடுத்து வைக்க முடியும்.

இனி குழு செய்ய வேண்டியது. "கல்யாணம் ஆகிப் போயிடுவா" என்ற காரணத்தைக் கடன் மறுக்க இனிமேல் சொல்ல வேண்டாம். அம்மாவோ அத்தையோ அதே குழுவில் இருந்தால் ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால், படிப்புக் கடனை அவள் சேமிப்பு எவ்வளவோ அதற்கேற்ற அளவில் தொடங்கி, தவணையைச் சுருக்கமாக வைக்கலாம். பெரியவர்கள் மருந்துக்கோ ஜிப்மர் போய்வரவோ, பேத்தி காதணி விழாவுக்கோ கேட்கும்போது இளையவர்களும் முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுக்கு அந்த வயசில் அதுதான் பெரிது. வசூல் விதி எல்லோருக்கும் ஒன்றே. எதற்குக் கடன் என்பதில் மட்டும் வயசைப் பார்த்து விட்டுக்கொடுப்போம்.

அடுத்த கூட்டத்துக்குள் ஊக்குநரும் பிரதிநிதியும் கடன் பேரேட்டை எடுத்து, கடைசி இரண்டு வருஷத்தில் 25 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எத்தனை கடன், 50-க்கு மேலே உள்ளவர்களுக்கு எத்தனை, எந்தக் காரணத்துக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கேட்டுக் கிடைக்காமல் போன கடன் பேரேட்டில் இருக்காது. அதைக் கேட்டவர்களிடமே விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் இருபது வயசில் தாங்கள் எதற்கு ஆசைப்பட்டு உண்டியலில் காசு போட்டார்கள் என்பதைச் சொல்லட்டும். ரிப்பனா, சினிமாவா, சைக்கிளா என்று இளையவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இரண்டு தாள்களையும் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.