காசு கொடுத்து வாங்கும் ஸ்பான்சர்ஷிப்

பிரிட்டனில் வேலைக்குப் போக நினைப்பவர் காதில் திரும்பத் திரும்ப ஓதப்படும் பேச்சு இது: "ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கட்டி ஒரு சிஓஎஸ் வாங்கிவிடு, போய் இறங்கியதும் வேறு வேலைக்கு மாறிக்கொள்ளலாம்." இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. சிஓஎஸ் என்கிற ஸ்பான்சர்ஷிப் சான்று விற்பனைச் சரக்கு அல்ல. உரிமம் பெற்ற நிறுவனம், உண்மையிலேயே காலியாக உள்ள பணிக்கு, குறிப்பிட்ட ஒருவர் பெயரில் பிரிட்டன் உள்துறையின் கணினியில் ஏற்றும் பதிவு அது. 2025 ஏப்ரலில் உயர்த்திய பிறகும் அதன் கட்டணம் 525 பவுண்டுதான். நம் பணத்தில் ஏறக்குறைய 60,000 ரூபாய். அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும். 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் சான்றுகளுக்கு இத்தொகையைத் தொழிலாளி தலையில் கட்டினால் உரிமமே பறிபோகலாம். தொழிலாளியின் பங்கு விசா கட்டணமும், பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணமும்தான். இந்தியாவில் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமோ 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கிடையாது. பிறகு அந்த லட்சங்கள் யாருக்கு, எதற்கு? நகையை அடகு வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

"கட்டிப் போனவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்று மடக்குகிறார்கள். எத்தனை நாளைக்கு? 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கும் அதிகமான ஸ்பான்சர் உரிமங்களை பிரிட்டன் ரத்து செய்தது. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000 பேருக்கு மேல். உரிமம் போனால் தொழிலாளியின் விசாவும் வழக்கமாக 60 நாளாகச் சுருங்கும். அதற்குள் வேறொரு ஸ்பான்சர், புதிய சிஓஎஸ், புதிய விண்ணப்பம் என எல்லாம் முடிய வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். "போய் மாறிக்கொள்ளலாம்" என்பதன் யோக்கியதை இதுதான். இல்லாத பணிக்குத் தெரிந்தே சான்று வாங்கியது ஏமாற்று என்று முடிவானால் பத்தாண்டுத் தடை வரை போகும். ஏஜென்டுக்கோ ஒன்றும் ஆகாது. அவர் அடுத்த ஆளைப் பிடித்திருப்பார்.

குற்றம் ஏஜென்டோடு நிற்கவில்லை. பிரிட்டன் அரசு விசாவையே முதலாளி கையில் கொடுத்துவிட்டு, சுரண்டலைப் பற்றிப் புகார் செய் என்றால் யார் வாய் திறப்பார்? ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல், வேலையை விட்டவருக்குப் புதிய ஸ்பான்சர் தேட ஒரே மூச்சில் 180 நாள் தருகிறது. முதலாளிகள் செலவழித்து வரவழைத்த ஆட்கள் ஓடிவிடுவார்களே என்பது இதற்குச் சொல்லப்படும் மறுப்பு. நியாயமான சம்பளம் கொடுக்கும் இடத்தை விட்டு யாரும் ஓடுவதில்லை. பிரிட்டனும் குறைந்தது அந்த 180 நாளையாவது தர வேண்டும். இந்திய அரசு இதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும்.

மற்றவை சில்லறைக் கதைகள். பட்டம் இருந்தால் போதும் என்பது பொய்: 2025 ஜூலை 22 முதல் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. பராமரிப்பாளர் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கிறார்கள் என்பதும் பொய்: வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பது அதே நாளில் நின்றுவிட்டது. நிறுவனத்தின் பெயர் அரசின் ஸ்பான்சர் பட்டியலில் இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். உண்மையான பெயரைத்தான் மோசடிக்காரர்கள் திருடுகிறார்கள். அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் நீங்களே கூப்பிட்டு, அந்த வேலையும் அந்தச் சம்பளமும் உண்மையா என்று கேளுங்கள்.