சீனி மங்காமல், மிளகு வெளுக்காமல்: பிளாஷ் பழகும் முறை

முன்பெல்லாம் வெளியூர் வியாபாரிக்குச் சரக்கின் தரத்தைக் காட்ட வேண்டுமானால் சாம்பிள் பொட்டலம் அனுப்புவதே வழக்கம். அவர் கையில் கொட்டிப் பார்த்து, கடித்துப் பார்த்து, பிறகு விலை பேசுவார். இப்போது செல்போனில் படம் போகிறது. படத்தைப் பார்த்தே விலை முடிகிறது. சரக்கு போய் இறங்கிய பின், "நீங்கள் காட்டிய நிறம் வேறு, வந்திருக்கும் நிறம் வேறு" என்று மூட்டைக்கு இவ்வளவு எனத் தள்ளுபடி கேட்கிறார்கள். துவரம்பருப்பிலும் மிளகாய் வற்றலிலும் மஞ்சளிலும் நிறம்தான் விலை என்பது நம் வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விலைப்பட்டியலுக்காகவும் இணைய விற்பனைக்காகவும் காமிரா வாங்கியிருப்பவர்கள் நம்மில் பலர். அதன் தலையில் மாட்டும் வெளி பிளாஷையும் கூடவே வாங்கிவிட்டு, பழகத் தெரியாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். அதைப் பயன்படுத்தும் முறையை இங்கே பார்ப்போம்.

கடைக்குள் நிறம் கெடுவதற்குக் காரணம் கலப்பு வெளிச்சம். வாசலிலிருந்து பகல் வெளிச்சம், மேலே டியூப்லைட், கல்லாவுக்கு அருகில் மஞ்சள் பல்பு என்று மூன்றும் மூன்று நிறம். பிளாஷின் ஒளியோ ஏறக்குறைய 5500 கெல்வின், அதாவது நண்பகல் வெயிலை ஒத்தது. ஆகவே மற்ற வெளிச்சங்களை ஒதுக்கிவிட்டு பிளாஷ் ஒன்றையே நம்புவது நல்லது. ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/160 வினாடி என்று வைத்து, பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் கிட்டத்தட்ட இருட்டாக வந்தால் கடை வெளிச்சம் ஒதுங்கிவிட்டது என்று பொருள். இருட்டு போதவில்லை என்று ஷட்டர் வேகத்தை இஷ்டத்துக்குக் கூட்டக்கூடாது. பெரும்பாலான காமிராக்களில் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போனால் ஷட்டர் திரை மறைத்து, படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக விழும். வெண்மைச் சமன் என்ற இடத்தில் பிளாஷ் குறியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இனி அளவு முறைகள். பிளாஷின் முதுகில் டி.டி.எல்., ஆட்டோ, மேனுவல் என்ற மூன்றோ, இவற்றில் இரண்டோ இருக்கும்.

டி.டி.எல். என்றால் லென்ஸ் வழியாகவே ஒளியை அளப்பது. 1975-ல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம்.-2 காமிரா, பிலிமில் பட்டுத் திரும்பும் பிளாஷ் ஒளியை உள்ளேயே அளந்து, போதுமானதும் பிளாஷை நிறுத்தியது. இன்றைய டிஜிட்டல் காமிராக்களில் முதலில் ஒரு சிறு முன்மின்னல் போகிறது. அது சரக்கில் பட்டுத் திரும்பும் அளவைப் பார்த்து, உண்மையான மின்னல் எவ்வளவு என்பதைக் காமிரா முடிவு செய்கிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதில்தான் மளிகைக்காரருக்குச் சிக்கல். எதிரில் இருப்பது எதுவானாலும், ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறப் பொருள் என்றே காமிரா எடுத்துக்கொள்கிறது. சீனிக் குவியலைக் காட்டினால் "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். சீனி பழைய சரக்குபோல மங்கி வரும். ரவை, மைதா, பச்சரிசிக்கும் இதே கதி. மிளகையும் தோல் உளுந்தையும் காட்டினால் "வெளிச்சம் போதாது" என்று கூட்டிவிடும். நல்ல கறுப்பு மிளகு வெளுத்து, பதர் கலந்ததுபோல் தெரியும். காமிராமீது குற்றமில்லை, அதற்குச் சரக்கு தெரியாது. பிளாஷில் கூட்டல் கழித்தல் குறியுள்ள ஈடுசெய்யும் பொத்தான் இருக்கிறது. வெள்ளைச் சரக்குக்கு கூட்டல் 1 முதல் ஒன்றரை வரையிலும், கறுப்புச் சரக்குக்குக் கழித்தல் 1-ம் வைத்துப் பாருங்கள். துவரம்பருப்புக்குச் சற்றே கூட்டினால் போதும். இன்னொரு வழி, போட்டோ சாமான் கடைகளில் கிடைக்கும் சாம்பல் அட்டையைச் சரக்கின் மேல் வைத்து, பிளாஷ் அளவைப் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, அட்டையை எடுத்தபின் படம் எடுப்பது.

ஆட்டோ முறையில் பிளாஷின் நெற்றியிலுள்ள சிறு கண் ஒளியை அளக்கும். காமிராவில் வைத்த ஐ.எஸ்.ஓ., எஃப் எண்களை பிளாஷிலும் வைக்க வேண்டும். வெள்ளை, கறுப்பில் இதுவும் ஏமாறும்.

நம் தொழிலுக்கு மேனுவல் முறையே ஏற்றது என்பது நமது கருத்து. கல்யாண வீட்டுப் போட்டோகாரருக்கு ஆட்கள் நடமாடுவார்கள். நம் பருப்பு எங்கும் ஓடப்போவதில்லை. ஒரே மேசை, ஒரே தூரம், ஒரே அளவு. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் சீனி சீனியாகவும் மிளகு மிளகாகவும் வரும். கணக்கும் எளிது. பிளாஷின் கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். கைடு நம்பர் 32, தூரம் 4 மீட்டர் என்றால் ஐ.எஸ்.ஓ. 100-ல் எஃப் 8, முழு பலத்தில். தூரம் 2 மீட்டராகக் குறைந்தால் அதே எஃப் 8-க்கு 1/4 பலம் போதும். தூரம் பாதியானால் சரக்கின்மேல் விழும் ஒளி நான்கு மடங்காகும் என்பதே காரணம். பிளாஷ் வாங்கும்போது கைடு நம்பரைக் கவனிக்கவும். 60 என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் ஒளியை ஒடுக்கும் 200 மில்லிமீட்டர் ஜூம் நிலைக்கானது. சாக்கையும் சேர்த்து எடை சொல்வதுபோலத்தான்.

பாலிதீன் பாக்கெட், எண்ணெய் டின் ஆகியவற்றுக்கு நேராக பிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டு விழுந்து, விலையும் எடையும் அச்சிட்ட இடமே மறைந்துபோகும். பிளாஷின் தலையைக் கூரை நோக்கித் திருப்பினால் ஒளி பரவலாக இறங்கும். வழியில் ஒளி வீணாவதால் பலத்தை நான்கு மடங்காவது கூட்ட வேண்டியிருக்கும். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சை டிஸ்டம்பர் அடித்த கூரையானால் சீனியும் பச்சையாகும். தகரக் கூரைக் குடோனில் வெள்ளைத் தெர்மோகோல் பலகையில் அடித்துத் திருப்பலாம்.

ஒயர் மூலமோ ரேடியோ டிரிக்கர் மூலமோ பிளாஷைக் காமிராவிலிருந்து பிரித்து, பக்கவாட்டில் தாழ வைத்தால் இன்னொரு பயன் உண்டு. ஒவ்வொரு மணியும் நிழலோடு தெரியும். உடைசலும் கல்லும் மறையாது. லாரியில் நனைந்து வந்த மூட்டைகளை நஷ்டஈட்டுக்காகப் படம் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். நேர் பிளாஷில் ஈரக்கறையும் கட்டிதட்டிய மேடும் தட்டையாகிக் காணாமல் போகும். மூட்டையை இறக்குமுன் ஒரு படமும், பிரித்தபின் ஒரு படமும் எடுப்பது உத்தமம்.

பழைய பிலிம் காலத்து பிளாஷ் வீட்டில் கிடக்கிறதே என்று டிஜிட்டல் காமிராவில் மாட்டிவிட வேண்டாம். அவற்றில் சிலவற்றின் டிரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். காமிராவின் மின்சுற்றே கெட்டுவிடலாம். மெக்கானிக்கிடம் அளந்து பார்த்த பிறகே மாட்டவும். கெட்டுப்போன பிளாஷைத் திறந்து பார்ப்பதும் ஆபத்து. பேட்டரியைக் கழற்றிய பின்னும் உள்ளேயுள்ள கண்டென்சரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பேட்டரியைப் பொறுத்தவரை, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்டார்ச் செல் நான்கு போட்டால் அடுத்த மின்னலுக்குச் சீக்கிரம் தயாராகும். சீசன் முடிந்து பிளாஷை எடுத்துவைக்கும்போது செல்களைக் கழற்றித் தனியே வைக்கவும்.