டீசி இல்லாத பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

"டீசி இல்லாம ஆர்டிஓ ஆபீஸ்ல எதைக் காட்டுவீங்க?" பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. எட்டாவது பாஸ் ஆகாதவருக்கு லைசென்ஸே கிடையாது என்று திண்டுக்கல்லில் இன்னும் பலர் நம்புகிறார்கள்.

நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. லாரி, பஸ் போன்ற வாகனங்களை ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. அந்த ஆண்டு நீக்கிவிட்டார்கள். சொந்த பைக்குக்கும் காருக்கும் அது பொருந்தியதே இல்லை. அங்கே கேட்பது வயதுக்கும் முகவரிக்கும் சான்று. பள்ளிச் சான்றிதழ் அதில் ஒன்று. பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் செல்லும்.

உண்மையான சிக்கல் வேறு. பலருடைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலியாகவே கிடக்கிறது. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. பள்ளியில் சேர்க்கும்போது இது கண்ணில் பட்டுவிடும். பள்ளிக்கே போகாத பிள்ளையின் சான்றிதழை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தயவுசெய்து இன்றே எடுத்துப் பாருங்கள்.

அடுத்த தவறான நம்பிக்கை, "பதினாறு வயசானா ஸ்கூட்டி ஓட்டலாம்." 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 16 வயதுக்கு அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள வண்டியை மட்டும்தான். அதற்கும் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமும் எல்எல்ஆரும் வேண்டும். எக்ஸெல் வண்டியை நாம் இன்னும் 'டிவிஎஸ் ஃபிஃப்டி' என்றுதான் கூப்பிடுகிறோம். பேரில்தான் ஐம்பது, எக்ஸெல் 100இன் எஞ்சின் 99.7 சிசி. ஆக்டிவா 100ஐத் தாண்டியது. வீட்டு வாசலில் நிற்கும் எந்த வண்டிக்கும் அந்தச் சலுகை பொருந்தாது என்பதே நடைமுறை. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட சிறிய பேட்டரி வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை.

"பிடிச்சா ஃபைன் கட்டிக்கலாம்" என்பதுதான் என்னை அதிகம் பதற வைக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போனான்" என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சம்மதத்தோடு எடுத்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கும் பிள்ளையிடம் "இந்தப் பூ மூட்டையை நிலக்கோட்டை மார்க்கெட்ல போட்டுட்டு வா" என்று சாவியைக் கொடுப்பது எவ்வளவு சுலபம்! அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டிரைவிங் ஸ்கூல் கட்டாயமா? சொந்த வண்டிக்குச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து, எல் போர்டு மாட்டிக் கற்றுக்கொடுக்கலாம். இருந்தாலும் கார் என்றால் முதல் சில நாட்கள் டிரைவிங் ஸ்கூல் நல்லது என்பேன். அவர்களுடைய காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது, நம் காரில் இல்லை.

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும்; எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். முப்பது நாள் முடிந்ததுமே எட்டு போட ஓடுகிறோம். எட்டு போடத் தெரிந்தால் வளைக்கத் தெரியும், அவ்வளவுதான். பள்ளி நேரம் குறுக்கிடாத பிள்ளைக்கு அந்த ஆறு மாதமும் கையில் இருக்கிறது. காலையில் காலியான தெருவில் தொடங்கி, மழையில், சந்தை நாளில், வெளிச்சம் மங்கும் நேரத்தில் என்று கூடவே இருந்து ஓட்ட வையுங்கள். தைப்பூச சமயத்தில் ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்கு நடந்து போகிறவர்கள் விடியுமுன்னே சாலையோரம் வரிசையாக வருவார்கள். அப்போது வண்டியை நீங்களே ஓட்டுங்கள், பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும். எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்கும் நொடியில் அவர்கள் எப்படி மறைந்துபோகிறார்கள் என்று அவன் பார்க்கட்டும்.