நறுமணத்துக்குள் மறைந்த நஞ்சு



பதினான்கு வயது மகனின் கையில் சிகரட்டைக் கண்டால் பதறாத தாய் இல்லை. ஆனால், சிகரட்டுக்காகப் பிள்ளையைக் கண்டிக்கும் பெற்றோரே தம் கையிலுள்ள புகைக்குழாயை அவனிடம் நீட்டும் வீடுகளும் உலகில் உண்டு. நம் நாட்டுப் பெண்கள் பலர் வீட்டுப் பணிக்குச் சென்றுவந்த லெபனானில் இது புதினமன்று. அங்கே 'அர்கீலே' என்றும், பிற இடங்களில் 'ஹூக்கா', 'சீஷா' என்றும் வழங்கும் நீர்க்குழாய்ப் புகையே அது.

மேலே ஒரு மண் கிண்ணம், அதில் புகையிலை, அதன்மேல் கரித்தணல். கீழே நீர் நிறைந்த குடுவை. குழாயை வாயில் வைத்து இழுத்தால், புகை நீரினூடே குமிழியிட்டு வருகிறது. வளரிளம் பிள்ளைகளை இதன்பால் ஈர்ப்பவை எவை? மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, இனிப்பு. 'முஅஸ்ஸல்' எனப்படும் இனிப்பூட்டிய புகையிலை 1990களில் சந்தைகளில் பரவியது. தேனூட்டியது என்பதே அச்சொல்லின் பொருள். பழைய புகையிலையின் காரம் சிறுவரை விரட்டியது. அப்பிள், திராட்சை, புதினா மணமோ அவர்களை அழைக்கிறது.

இரண்டாவது, நீர் நஞ்சை வடிகட்டிவிடும் என்ற தவறான நம்பிக்கை. நீர் புகையைக் குளிரவைக்கிறது; நஞ்சை நீக்கிவிடுவதில்லை. குளிர்ந்த புகை தொண்டையை உறுத்தாததால் ஆழமாக உள்ளிழுக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட குறிப்பின்படி, ஒரு சிகரட் 8 முதல் 12 இழுப்புகளில் முடிகிறது. நீர்க்குழாயின் முன் அமர்பவரோ 20 முதல் 80 நிமிடம் வரை, 50 முதல் 200 தடவை இழுக்கிறார். 100 சிகரட்டுகளின் அளவுக்கோ அதற்கு மேலோ புகை ஒரே அமர்வில் உள்ளே போகக்கூடும். கரித்தணலிலிருந்து எழும் காபன் மொனொக்சைட்டு தலைச்சுற்றையும் மயக்கத்தையும் தரலாம். நிக்கொட்டின் பிள்ளையை அடிமையாக்குகிறது.

மூன்றாவது, வீட்டாரின் இணக்கம். மற்ற இரண்டிலும் இதுவே வலியது. சிகரட்டைப் பிள்ளை ஒளித்துப் புகைக்கிறான். அர்கீலேயோ விருந்து முடிந்தபின் உறவினர் நடுவே வந்து நிற்கிறது, குழாய் கைமாறுகிறது. அதை உறவின் அடையாளமாகவே பிள்ளை கற்கிறது. பெண்பிள்ளைகளும் தயங்குவதில்லை. லெபனானில் 2011இல் நிறைவேறிய 174ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்தது. உணவகங்களில் அது 2012 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் விரைவிலேயே கண்காணிப்புத் தளர்ந்தது. வீட்டு மண்டபத்தையோ சட்டம் எட்டவே இல்லை.

இதைக் கேட்டு நாம் அயலாரைக் குறைகூற வேண்டாம். சுருட்டுக்குப் பேர்போன மண் நம்முடையது. அப்புவின் சுருட்டுக்கு அடுப்படியிலிருந்து கொள்ளி எடுத்துக் கொடுத்த பேரன்மார் நம்மிடையே இல்லையா? நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். அப்படியிருந்தும் சிகரட் வாங்கிவரப் பத்து வயது மகனைக் கடைக்கு அனுப்பும் தந்தை, அவனுக்கு எந்தப் பாடத்தைப் புகட்டுகிறார்?

நாளை நண்பர் விருந்தொன்றிலோ, வெளிநாட்டிலுள்ள உறவினர் வீட்டிலோ உங்கள் பிள்ளையிடமும் அந்தக் குழாய் நீட்டப்படலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு அந்த நொடியில் திடீரெனப் பிறந்துவிடாது. இன்று உங்கள் வீட்டில் அவன் காண்பதிலிருந்தே அது வளரவேண்டும்.

குடும்பமாகக் கலந்துரையாட:

1. புகைத்தலைப் பற்றி நம் பிள்ளைகளோடு அமைதியாகப் பேசியிருக்கிறோமா, அல்லது அதட்டியதோடு நின்றுவிட்டோமா?

2. நம் வீட்டு விழாக்களில் பெரியோர் புகைப்பதைப் பிள்ளைகள் காண்கிறார்களா?

3. 'வேண்டாம்' என்று சொல்லும் பிள்ளையை நாம் பாராட்டுகிறோமா?