பொமேரியனுக்கு மொட்டை போடாதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் போதும், சேலத்தில் என் கிளினிக் வாசலில் மொட்டை பொமேரியன்கள் வரிசை கட்டுகின்றன. "வெயில் தாங்காதாம் டாக்டர், முடியை எடுத்துட்டா குளுகுளுன்னு இருக்குமாம்." யார் சொன்னது? குட்டி விற்றவர், எதிர்வீட்டுக்காரர். எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த கத்திரி வெயிலுக்கும் அதே பேச்சு.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மொட்டை போட்டு அதற்கு என்ன உதவி செய்துவிட்டீர்கள்? பொமேரியனின் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள்: மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சாக மெல்லிய முடி. இரண்டும் சேர்ந்து ஓலைக் கூரையின் வேலையைச் செய்கின்றன. சவரம் செய்த முதுகோடு மொட்டைமாடியில் திரியும் நாய்க்குத் தோல் சிவந்து எரியும். சிலவற்றுக்கு முடி பழையபடி வருவதே இல்லை. அடிமுடி முந்திக்கொண்டு திட்டுத்திட்டாக முளைக்கும். மேல்முடிக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

சீப்பை எடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் உதிர்ந்த அடிமுடியை வாரி எடுத்தாலே தோலுக்குக் காற்று கிடைக்கும். தகரக் கொட்டகையில் கட்டாதீர்கள். நடைக்குக் காலை 7 மணிக்குள் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் வழிந்து தள்ளாடினால், உடனே உடம்பை நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, தாமதிக்காமல் தூக்கிவாருங்கள்.

உப்பு போட்டால் முடி கொட்டும் என்பதும் பொய். உண்ணி, படை, புரதக் குறைவு, இவற்றால்தான் பெரும்பாலும் கொட்டுகிறது. வெறும் பால்சோறு போட்டால் கொட்டாமல் என்ன செய்யும்? நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவித்த முட்டைக்கா பஞ்சம்?

"வீட்டுக்குள்ளயே கெடக்குற குட்டி நாய், அதுக்கு எதுக்கு வெறிநோய் ஊசி?" என்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கேட் திறந்திருக்கும் ஒரு நிமிடத்தில் வெறிபிடித்த தெருநாய் கடித்தால் போதும். அறிகுறி தெரிந்த பிறகு நாயைக் காப்பாற்ற மருந்து கிடையாது; மனிதருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருடாவருடம். உங்கள் செல்ல நாயே கடித்தாலும், பல் கீறினாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் வேண்டாம். அந்த மருந்தை நிறுத்தி வருடக்கணக்காகிறது, இப்போது கையில்தான் போடுகிறார்கள்.