திருப்பதியில் புக்கிங் சாப்ட்வேர் எழுதும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சித்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய், லாட்ஜ்களுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் புக்கிங் சாப்ட்வேர் எழுதுகிறாய். பணம் வாங்குவதைப் பேமென்ட் கம்பெனி பார்த்துக்கொள்கிறது, எங்கள் சின்ன சாப்ட்வேரில் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் வந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தாய்.

உன் புக்கிங் படிவத்தின் கடைசியில் ‘வேறு ஏதாவது தேவையா’ என்று ஒரு பெட்டி இருக்குமே, அதை நினைத்துக்கொள். காலை மூன்று மணிக்கு வெந்நீர் வேண்டும், பாட்டிக்குக் கீழ்த்தளத்தில் ரூம் வேண்டும் என்றெல்லாம் பக்தர்கள் எழுதுவார்கள். ஒருவன் அதில் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறான். அப்போது ஒன்றும் நடக்காது. மறுநாள் ரிசப்ஷனில் மேனேஜர் புக்கிங் பட்டியலைத் திறக்கிறார், அதுவும் அட்மினாக லாகின் ஆகி. அந்த வரி அவருடைய பிரவுசரில் எழுத்தாக நிற்காமல் நிரலாக ஓடுகிறது. இதுதான் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங். அவர் செய்யக்கூடியதையெல்லாம் அதுவும் செய்யும். வாடகையை மாற்றும், புதிதாக ஓர் அட்மினைச் சேர்க்கும், தங்கியவர்களின் போன் நம்பரையும் அடையாள அட்டை நகலையும் வெளியே அனுப்பும். லாட்ஜ் சின்னது என்பதற்காக ஆதார் நகல் சின்னதாகிவிடுமா?

தேவஸ்தானத்தின் பெயரில் போலித் தளங்கள் முளைப்பதும், முகவரியைப் பார்த்துப் பணம் கட்டுங்கள் என்று பக்தர்களைத் தேவஸ்தானம் எச்சரிப்பதும் உனக்குப் பழகிய செய்தி. நல்ல அறிவுரைதான். ஆனால் இந்தக் கோளாறுக்கு அது உதவாது. இங்கே முகவரி அசல், பூட்டுக் குறி அசல், பக்கமும் அசல். அதில் ஓடும் ஒரு துண்டு மட்டும் அடுத்தவனுடையது. பயனாளி எவ்வளவு உஷாராக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், பொறுப்பு முழுக்க எழுதியவர் தலையில் விழுகிறது.

நம் நாடே பட்டுப் பார்த்த விஷயம் இது. 2010 செப்டம்பர் 25, சனிக்கிழமை. அப்போதிருந்த ஆர்குட் சமூக வலைத்தளத்தில் ‘பொம் சபாடோ’ என்று ஒரு ஸ்கிராப், அதாவது செய்தி, வந்தது. போர்ச்சுகீசிய மொழியில் சனிக்கிழமை வாழ்த்து. ஸ்கிராப்பைப் பார்த்தாலே போதும், பார்த்தவரின் கணக்கிலிருந்து அவருடைய நண்பர்களுக்கும் அதே வாழ்த்து போனது. கேள்விப்படாத கம்யூனிட்டிகளில் அவர் பெயர் சேர்ந்தது. ஆர்குட்டில் மொய்த்துக்கிடந்த பிரேசிலும் இந்தியாவும்தான் அதிகம் மாட்டின. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2005 அக்டோபரில், சாமி காம்கார் என்பவர் மைஸ்பேஸ் என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தில் விட்ட, தானாகப் பரவும் புழு இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் தொற்றியது. மைஸ்பேஸ் சும்மா இருக்கவில்லை, ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லையே வெட்டி எறிந்துகொண்டிருந்தது. காம்கார் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதினார். வடிகட்டி விட்டுவிட்டது, பிரவுசர் சேர்த்துப் படித்துக்கொண்டது.

ஆகாத சொற்களுக்குப் பட்டியல் போடுகிற வேலை இப்படித்தான் முடியும். இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு வைத்தியம்: பெயர்ப் பெட்டியில் ஆங்கில எழுத்து மட்டும்தான் அனுமதி என்று வைத்துவிடுவது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர் எழுதுகிறவர்கள் வந்து இறங்கும் ஊரில் இது பாதுகாப்பே இல்லை, மரியாதைக் குறைவு. டிசூசா என்பவர் தன் பெயரின் மேற்கோள் குறியைத் தொலைத்துவிட்டா தரிசனத்துக்கு வர வேண்டும்? நம் எழுத்துகளால் பிரவுசருக்கு ஒரு குழப்பமும் வராது. பக்கத்தின் உடலில் தொல்லை தருபவை ஐந்தே குறிகள்: இரண்டு கோண அடைப்புகள், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், ஆம்பர்சாண்ட். வந்ததை வந்தபடியே டேட்டாபேஸில் வை. பக்கத்தில் காட்டும் இடத்தில் எஸ்கேப் செய், அதாவது அந்தக் குறிகளைப் பிரவுசர் நிரலாகப் படிக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்று.

இடத்துக்கு இடம் எஸ்கேப் மாறும் என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். எஸ்கேப் செய்யும் பிஎச்பியின் ‘எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்’ ஃபங்ஷன், 2021-இல் வந்த 8.1 பதிப்புக்கு முன்பு, நீயாகச் சொல்லாவிட்டால் ஒற்றை மேற்கோளைத் தொடாது. பழைய சர்வரில் ஒற்றை மேற்கோளுக்குள் பெயரை வைத்திருந்தால் கதவு திறந்தே கிடக்கும். டிராவல்ஸ்காரர் தன் வெப்சைட் முகவரியைக் கொடுக்கும் பெட்டி இன்னும் மோசம். ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்று தொடங்கி முக்காற்புள்ளி வைத்த முகவரி, அந்த ஐந்து குறிகளில் ஒன்றுகூட இல்லாமலே ஓடும். அங்கே எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதை மட்டும் ஏற்றுக்கொள். ரியாக்டும் ஜாங்கோவும் தாங்களாகவே எஸ்கேப் செய்பவை. அந்தக் காவலை நிறுத்த ரியாக்டில் வைத்திருக்கும் வசதிக்கு ‘டேஞ்சரஸ்லி’ என்று தொடங்கும் நீளப் பெயர் வைத்திருக்கிறார்கள், கை கூசட்டும் என்றுதான்.

ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி குக்கீக்கு ‘எச்டிடிபி ஒன்லி’ போடு. 2002 முதல் இருக்கிறது. ஆனால் அது குக்கீ திருட்டைத்தான் தடுக்கும், மேனேஜர் பெயரில் வாடகை மாற்றுவதைத் தடுக்காது. எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியும் இரண்டாவது வேலிதான். ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்த எழுதப்பட்ட பாலிசிகளில் 94.68 சதவீதம் பயனற்றவை என்று கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, எந்தத் தளத்தைப் பார்த்தாலும் ஒரு ‘அலர்ட்’ ஸ்கிரிப்ட் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும், முக்கியமாக ஊரிலேயே பெரிய தளத்தில். வேண்டாம். அனுமதியின்றி அடுத்தவர் கணினியில் கைவைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக முடிவானால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. நோக்கம் நல்லதுதான் என்று நிரூபிக்க நீ அலைய வேண்டியிருக்கும். தற்செயலாகக் கண்ணில் பட்டால், மேலே தோண்டாமல், டெல்லியில் இருக்கும் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதிவிடு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதே.

சோதிக்க உன் சொந்தக் கோடே இருக்கிறது. இந்த வாரம் பழைய பிஎச்பி கோப்புகளில் ‘எக்கோ’ வரும் இடங்களையும், ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்னர் எச்டிஎம்எல்’ வரும் இடங்களையும் தேடி எடு. பட்டியல் நீளமாக இருந்தால் அட்மின் பக்கங்களில் ஆரம்பி. பக்தர்கள் பார்க்கும் பக்கங்கள் அடுத்த வாரம் ஆகட்டும்.

அன்புடன்,
அண்ணன்