பால்பற்களைக் காப்போம்

“விழப்போகும் பல்தானே! அதற்கு ஏன் இவ்வளவு கவலை?” குழந்தையின் பல்லில் சொத்தை தெரியும்போது பல வீடுகளில் இப்படிச் சொல்வதுண்டு. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால், அவை அனைத்தும் ஒரே காலத்தில் விழுந்துவிடுவதில்லை. முன்பற்கள் ஆறு அல்லது ஏழு வயதில் விழத் தொடங்குகின்றன. கடைவாய்ப் பால்பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கின்றன. மூன்று வயதிலேயே கடைவாய்ப்பல் சொத்தையாகிவிட்டால், அக்குழந்தை அதன்பின் ஏழெட்டு ஆண்டுகள் எப்படி உணவை மெல்லும்?

குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் முளைத்துவிடுகின்றன. அவை உணவை மெல்லவும் சொற்களைத் திருத்தமாக உச்சரிக்கவும் உதவுகின்றன. பின்னர் வரப்போகும் நிலைப்பற்களுக்கு இடத்தைக் காத்து வைப்பதும் அவற்றின் பணியே. ஒரு பால்பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்கின்றன. அதனால், புதிய பல் இடமின்றிக் கோணலாக முளைக்கக்கூடும். பல்வலியால் அவதியுறும் குழந்தை சரியாக உண்பதில்லை; உறங்குவதில்லை; பாடத்திலும் கவனம் செலுத்த இயலுவதில்லை.

பற்சொத்தை எப்படி உண்டாகிறது? நம் வாயில் வாழும் சிலவகைப் பாக்டீரியாக்கள் உணவில் உள்ள சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலை அரிக்கிறது. உமிழ்நீர் அமிலத்தின் வீரியத்தைக் குறைத்து, பல் இழந்த தாதுக்களை மீண்டும் சேர்க்கிறது. இதற்குச் சிறிது நேரம் தேவைப்படுகிறது. குழந்தை நாள் முழுவதும் மிட்டாயையும் இனிப்புப் பானத்தையும் சிறிது சிறிதாகச் சுவைத்துக்கொண்டே இருந்தால், உமிழ்நீருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. எனவே, எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதோடு, எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியமாகும். பால்பற்களின் எனாமல் மெல்லியது. ஆதலால், அவை விரைவில் சொத்தையாகின்றன.

இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடும் பழக்கம் பெருங்கேடு விளைவிக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுகிறது. புட்டியிலிருந்து கசியும் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. சீனி கலக்காத பாலிலும் இயற்கையான சர்க்கரை உண்டு. சீனியோ இனிப்பூட்டிய கெட்டிப்பாலோ சேர்த்தால் தீங்கு மேலும் பெருகும். சொத்தையின் முதல் அறிகுறி கறுப்புப் புள்ளி அன்று. ஈறை ஒட்டித் தோன்றும் மங்கிய வெள்ளைக் கோடுதான். குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அதனைக் காணலாம். அந்நிலையிலேயே கவனித்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம்.

பல் முளைக்கும் முன்னரே தூய ஈரத்துணியால் ஈறுகளைத் துடைத்துவிடலாம். முதல் பல் தோன்றியதும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் இருமுறை துலக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு பட்டாணி அளவும் பற்பசை போதுமானது. இரவில் பல் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறு எதையும் கொடுக்கக்கூடாது. ஏறக்குறைய ஏழு வயது வரை பெரியவர்களே துலக்கிவிடுவது நன்று. அதற்கு முன் குழந்தையின் கைக்கு எல்லாப் பற்களையும் சரிவரத் துலக்கும் திறன் வருவதில்லை. முதல் பிறந்த நாளுக்குள் குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டுவதும் அவசியமாகும்.

நம் நாட்டில் சிறுவர்களின் பற்களைக் காக்கும் முயற்சிகள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. பள்ளிச் சிறுவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பல் மருத்துவத் தாதியரை உருவாக்க, 1949-ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு, குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டத்தை நாடு முழுவதும் விரிவுபடுத்த அரசாங்கம் முடிவு செய்தது. ஆயினும், பல் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கு வந்து பார்ப்பதற்குள் சில குழந்தைகளின் பற்கள் சொத்தையாகிவிடுகின்றன. அந்தத் தொடக்க ஆண்டுகளில் குழந்தையின் பற்களைக் காக்கும் பொறுப்பு வீட்டிலுள்ளோரையே சாரும்.

இப்பொறுப்பில் மாணவர்களுக்கும் பங்குண்டு. தம்பி தங்கையர் அண்ணன் அக்காளைப் பார்த்தே பழகுகின்றனர். இரவில் அவர்களோடு சேர்ந்து பல் துலக்குவதும், அழும் குழந்தைக்கு மிட்டாய்க்குப் பதிலாகப் பழத்துண்டைக் கொடுப்பதும் எவராலும் செய்யக்கூடியவை. வருமுன் காப்பதே அறிவுடைமை. இன்று பால்பற்களைப் பேணினால், நாளை முளைக்கும் நிலைப்பற்களும் நலமுடன் விளங்கும்.